படகுக்குப் பிரேக் ஏது?

மாட்டு வண்டியை நிறுத்துவதற்கு மூக்கணாங் கயிறு இருக்கிறது. குதிரை வண்டிக்குக் கடிவாளம் இருக்கிறது. சைக்கிள், மோட்டார், ரயில் எல்லாவற்றிற்கும் பிரேக் உண்டு. ஆகாயத்தில் பறக்கும் விமானங்கூடத் தரையைத் தொட்ட பிறகு சக்கரங்களைப் பிடித்துத்தான் நிற்கிறது. தண்ணீரில் போகும் படகுக்கு மாத்திரம் பிரேக் என்று ஒன்று கிடையாது. பிடித்துக்கொள்வதற்குத் தண்ணீரில் என்ன இருக்கிறது? ஐம்பது பேரையோ நூறு பேரையோ ஏற்றிக்கொண்டு வேகமாக வருகிற ஒரு படகு, கருங்கல் துறையின் மேல் மோதாமல் ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கிறதே, அது எப்படி? நம்மில் பலர் படகில் பிரயாணம் செய்திருந்தும் இதைப் பற்றி யோசித்திருக்க மாட்டோம்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போய் வந்திருக்கும் நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். படகு துறையை நெருங்கும்போது யந்திரத்தின் இரைச்சல் சட்டென்று தணிகிறது. சில வினாடி நேரம் ஒன்றுமே நடக்காதது போல் தோன்றுகிறது. பிறகு மறுபடியும் இரைச்சல் எழும்புகிறது. படகின் பின்புறத்தில் தண்ணீர் கலங்கி நுரைக்கிறது. படகு தயங்கி நிற்கிறது. ஒன்றுமே நடக்காதது போலிருந்த அந்தச் சில வினாடிதான் படகோட்டும் வித்தையில் முக்கியமான பாகம். அந்த வினாடிகளைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

யந்திரப் படகைச் செலுத்துவது அதன் அடியில் தண்ணீருக்குள் சுழலும் விசிறி. இதைப் புரொப்பெல்லர் என்கிறார்கள். அது ஒரு பக்கமாகச் சுழன்றால் படகு முன்னே போகிறது. எதிர்ப் பக்கமாகச் சுழன்றால் பின்னே இழுக்கிறது. முன்னே போய்க்கொண்டிருக்கும் படகை நிறுத்த வேண்டுமானால் விசிறியை எதிர்ப் பக்கமாகச் சுழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே, ஓட்டுவதும் அதுவே, நிறுத்துவதும் அதுவே.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. படகுகளில் வைக்கும் டீஸல் யந்திரம் ஒரே திசையில்தான் சுற்றும். பெரிய சரக்குக் கப்பல்களின் பிரம்மாண்டமான யந்திரங்களை ஒரு தடவை நிறுத்தி, அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி எதிர்த்திசையில் மீண்டும் கிளப்பிவிடலாம். சிறு படகில் அதெல்லாம் நடக்காது. எனவே யந்திரத்துக்கும் விசிறிக்கும் நடுவில் ஒரு பெட்டியை வைத்தார்கள். அதுதான் கியர் பெட்டி. யந்திரம் எப்போதும் போல் ஒரே பக்கம் சுற்றிக்கொண்டிருக்க, அந்தச் சுழற்சியை அப்படியே விசிறிக்குக் கொடுப்பது, திருப்பிக் கொடுப்பது, கொடுக்காமலே இருப்பது என்ற மூன்று காரியங்களையும் இந்தப் பெட்டி செய்கிறது. அதோடு வேகத்தையும் குறைக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் அமைந்த பெட்டியானால், யந்திரம் நிமிஷத்துக்கு 1,800 சுற்றுச் சுற்றும்போது விசிறி 600 சுற்றுச் சுற்றும். கனமான படகைத் தள்ளுவதற்குப் பெரிய விசிறி நிதானமாகச் சுழல்வதே நல்லது.

திருப்ப முடியாத யந்திரத்தினால் என்ன தொல்லை என்பதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1912-ஆம் வருஷம் மூழ்கிய டைட்டானிக் கப்பலுக்கு மூன்று விசிறிகள் இருந்தன. இரு ஓரங்களிலும் இருந்தவற்றைச் சுழற்றிய நீராவி யந்திரங்களை எதிர்த்திசையில் திருப்பலாம். நடுவில் இருந்ததைச் சுழற்றிய டர்பைன் முன்பக்கம் மட்டுமே சுற்றக் கூடியது. கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தும்போது அது சும்மா நின்றுவிடும். சுக்கானுக்கு நேர் முன்னால் இருந்தது அந்த நடு விசிறிதான். சுக்கானின் மேல் தண்ணீரைப் பாய்ச்சி, கப்பலைத் திருப்பத் துணை செய்வதும் அதுதான். அன்றிரவு அது எவ்வளவு தூரம் விபத்துக்குக் காரணமாயிற்று என்று இன்றும் விவாதம் செய்கிறார்கள். நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுண்டு: விசிறி நின்றால் சுக்கானுக்கும் பலம் குன்றிவிடும். படகோட்டுகிறவர் இதை ஒரு கணமும் மறக்கலாகாது.

நிற்க. கியர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வட்டமான மெல்லிய தட்டுகள் இரண்டு அடுக்குகளாக இருக்கின்றன. ஓர் அடுக்கு முன்னே போவதற்கு. மற்றொன்று பின்னே போவதற்கு. கைப்பிடியை முன்னே தள்ளினால், ஒரு சிறு பம்பு எண்ணெயை அழுத்திச் செலுத்துகிறது. அந்த அழுத்தத்தில் முன் அடுக்கின் தட்டுகள் ஒன்றோடொன்று இறுகப் பற்றிக்கொள்ள, விசிறி சுழல்கிறது. கைப்பிடியைப் பின்னே இழுத்தால் முதல் அடுக்கு விட்டுவிடுகிறது. இரண்டாவது அடுக்குப் பற்றிக்கொள்கிறது. கைப்பிடி நடுவில் இருந்தால் இரண்டும் விட்ட நிலை. இதை நியூட்ரல் என்பார்கள். எண்ணெய்தான் இங்கே தசையும் நரம்பும். அது குறைந்தாலோ கெட்டாலோ தட்டுகள் சரியாகப் பற்றாமல் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் கருகும்.

இந்தப் பெட்டியை நடத்துவதற்கு உள்ள விதி மிகவும் எளியது. முதலில் யந்திரத்தின் வேகத்தை அடியோடு குறைக்க வேண்டும். பிறகு கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே இரண்டு மூன்று வினாடி பொறுக்க வேண்டும். அதன் பிறகு மறு பக்கத்துக்குத் தயங்காமல் முழுவதும் தள்ள வேண்டும். கியர் பற்றிக்கொண்டது என்று நிச்சயமான பின்பே வேகத்தைக் கூட்ட வேண்டும். இவ்வளவுதான். ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது.

வேகத்தை ஏன் குறைக்க வேண்டும்? படகு முன்னே பாய்ந்துகொண்டிருக்கும்போது, கியரை எடுத்துவிட்டாலும் விசிறி உடனே நிற்பதில்லை. ஓடும் தண்ணீர் அதைத் தள்ளிச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சமயத்தில் பின்னோக்கும் அடுக்கைப் பற்றச் செய்தால், ஒரு பக்கம் சுழல்கிற விசிறியையும் மறு பக்கம் சுழற்ற விரும்பும் யந்திரத்தையும் நேருக்கு நேர் மல்லுக்கு விட்டது போலாகும். தட்டுகள் தேயும், பற்சக்கரங்கள் அடி வாங்கும். அது மட்டுமானால் பணச் செலவோடு போயிற்று. அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும் யந்திரம் அந்தப் பாரத்தைத் தாங்காமல் அணைந்து போகலாம். அணைந்து போனால் பின்னே இழுக்கவும் சக்தி இல்லை. சுக்கானுக்கும் பலம் இல்லை. துறையோ எதிரே வந்துகொண்டிருக்கிறது! படகை உடனே நிறுத்த வேண்டும் என்ற அவசரமே, நிறுத்தும் ஒரே சாதனத்தையும் பறித்துவிடுகிறது. ஆபத்து நேரத்தில்கூட வேகத்தைக் குறைத்து, நடுவில் ஒரு கணம் தங்கிப் போகச் சொல்வது இதனால்தான்.

சரி, அப்படியானால் மெதுவாக, பயந்து பயந்து கைப்பிடியைத் தள்ளலாமா என்றால், அதுவும் கூடாது. மோட்டார் ஓட்டுகிறவர்கள் கிளச்சைப் பாதி விட்டு, பாதி பிடித்து வண்டியை நகர்த்துவதைக் கெட்டிக்காரத்தனமாக நினைக்கிறார்கள். படகின் கியரில் இந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லாது. கைப்பிடியைப் பாதியில் நிறுத்தினால் எண்ணெயின் அழுத்தமும் பாதிதான். தட்டுகள் பற்றியும் பற்றாமலும் உராய்ந்துகொண்டே இருக்கும். படகின் பின்னால் தொங்கவிடும் வெளிப்புற மோட்டார்களில் அமைப்பு வேறு. அவற்றில் தட்டுகளுக்குப் பதிலாகப் பற்கள் ஒன்றில் ஒன்று போய்ப் பொருந்துகின்றன. அங்கேயும் மெதுவாகத் தள்ளினால் பற்கள் கரகரவென்று மோதி முனை மழுங்கிவிடும். ஆகையால் இரண்டு வகைக்கும் ஒரே விதி: யந்திரம் நிதானமாக இருக்க வேண்டும், கை திடமாக இருக்க வேண்டும். அனுபவமில்லாதவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யந்திரத்தை முடுக்கிவிட்டுக் கையை நடுங்க விடுகிறார்கள்.

இக்காலத்துப் படகுகள் பலவற்றில் கியருக்கும் வேகத்துக்கும் சேர்த்து ஒரே கைப்பிடிதான். நடுவிலிருந்து முன்னே சிறிது தள்ளினால் கியர் விழும். மேலும் தள்ளினால் வேகம் கூடும். பின்பக்கமும் அப்படியே. இது மிகவும் சௌகரியமான ஏற்பாடு. ஆனால் ஒரே வீச்சில் முழு வேகத்தில் முன்னிருந்து முழு வேகத்தில் பின்னுக்குத் தள்ளிவிடுவதற்கும் இதுவே சௌகரியமாக இருக்கிறது! கியர் விழும் இடத்தில் கைக்கு ஒரு சிறு தடை தட்டுப்படும். அந்தத் தடையைக் கை அறிந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள அவகாசம் இராது.

கைப்பிடிக்கும் கியர் பெட்டிக்கும் இடையே சாதாரணமாக ஒரு கம்பிக் கேபிள் ஓடுகிறது. இது நாளடைவில் நீண்டு தளர்ந்துபோவதும், உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகுவதும் உண்டு. அப்போது மேலே கைப்பிடி முழுவதும் போனாலும் கீழே பெட்டியிலுள்ள கை முக்கால் தூரமே போகும். ஓட்டுகிறவர், ‘நான் சரியாகத்தானே போட்டேன்?’ என்பார். உள்ளே தட்டுகள் கருகிக்கொண்டிருக்கும். ஆகவே ஒருவர் மேலே கைப்பிடியை நகர்த்த, மற்றொருவர் கீழே பெட்டியருகில் நின்று, அது முழுவதும் போகிறதா என்று அவ்வப்போது பார்ப்பது நல்லது. யந்திரத்தை நிறுத்திவிட்டு இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணெயையும் பார்க்க வேண்டும். அது பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் தட்டுகள் கருகத் தொடங்கிவிட்டன. இரண்டும் கரையிலேயே கண்டுபிடிக்க வேண்டிய வியாதிகள்.

துறைக்கு வரும்போது தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு விநோதமும் உண்டு. பின்னாலிருந்து பார்க்கும்போது வலமாகச் சுற்றிப் படகை முன்னே செலுத்துகிற ஒற்றை விசிறி, எதிர்த்திசையில் சுற்றும்போது படகின் பின்புறத்தை இடப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சுக்கானைத் திருப்பினாலும் அந்த ஆரம்ப கணங்களில் அதிகப் பயன் இராது. தேர்ந்த படகோட்டி இதோடு சண்டை போடுவதில்லை. துறை இடப் பக்கம் இருக்கும்படி சற்றுச் சாய்வாக வந்து, பின் கியரைப் போடுகிறார். படகு நிற்பதும் அதன் பின்புறம் துறையோடு ஒட்டுவதும் ஒரே காரியமாக முடிந்துவிடுகிறது. பார்க்கிறவர்கள் அதிர்ஷ்டம் என்கிறார்கள்!

இதெல்லாம் படகோட்டிகளின் கவலை, நமக்கென்ன என்று நினைக்கலாகாது. 2013-ஆம் வருஷம் ஜனவரி 9-ஆம் தேதி காலை, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் 326 பேரை ஏற்றிக்கொண்டு ‘ஸீஸ்ட்ரீக் வால்ஸ்ட்ரீட்’ என்னும் பயணிக் கப்பல் துறையை நெருங்கியது. அதன் விசிறிகள் சுழலும் திசையை மாற்றாமல், இதழ்களின் சாய்வை மாற்றிப் பின்னோக்கி இழுக்கும் வகையைச் சேர்ந்தவை. துறை சேர்ப்பதற்காகக் காப்டன் கட்டுப்பாட்டை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றினார். அப்போது கட்டுப்பாட்டுக் கருவி வழக்கமான நிலையில் இல்லாமல் மாற்று நிலையில் இருந்தது அவருக்குத் தெரியவில்லை. கை கட்டளையிட்டது, விசிறி கீழ்ப்படியவில்லை. கப்பல் சுமார் 12 நாட் வேகத்தில் துறையில் மோதியது. 79 பிரயாணிகள் காயமடைந்தார்கள். அவர்களில் நால்வருக்குப் பலத்த காயம். இறங்குவதற்காக முன்கூட்டியே எழுந்து நின்ற பலர் விழுந்து உருண்டார்கள். துறைக்கு வெகு தூரத்திலேயே, முன்னால் தாராளமாகத் தண்ணீர் இருக்கும்போதே, பின் கியரை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது பழைய மாலுமிகளின் வழக்கம். அப்போது பதில் வராவிட்டால் யோசிக்க நேரம் இருக்கும்.

நம் தேசத்திலும் பாடம் இல்லாமல் இல்லை. 2024 டிசம்பர் 18-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில், யந்திரப் பரீட்சை நடத்திக்கொண்டிருந்த கடற்படை விசைப் படகு ஒன்று, யந்திரக் கோளாறினால் கட்டுப்பாட்டை இழந்து, எலிபென்டா தீவுக்குச் சென்றுகொண்டிருந்த ‘நீல்கமல்’ என்னும் பிரயாணிப் படகின் மேல் மோதியது. பத்துக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். எந்த யந்திரமும் எந்தக் கணத்திலும் சொன்னபடி கேட்காமல் போகலாம். ஆகையால் மனிதர் இருக்கும் திசையை நோக்கி வேகமாகப் போவதே பிசகு என்று எண்ணிப் பழக வேண்டும்.

சின்னஞ்சிறு வேகப் படகுகளில், ஓட்டுகிறவரின் காலிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ள ஒரு கயிறு கொடுத்திருப்பார்கள். அவர் தவறி விழுந்தால் கயிறு கழன்று யந்திரம் தானே நின்றுவிடும். இங்கிலாந்தில் பாட்ஸ்டோ என்ற இடத்தில் 2013 மே மாதத்தில் ஒரே குடும்பத்தார் ஆறு பேர் படகிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். கயிறு மாட்டப்படவில்லை. ஆளில்லாத படகு கியர் விழுந்தபடியே வட்டமிட்டுத் திரும்பித் திரும்பி வந்து அவர்கள் மேலேயே பாய்ந்தது. இருவர் மாண்டனர். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குட்பட்ட படகுகளில் அந்தக் கயிற்றையோ அது போன்ற சாதனத்தையோ உபயோகித்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நியூட்ரலில் இருக்கும் விசிறிகூட, எண்ணெயின் இழுப்பினால் மெல்லச் சுற்றலாம். படகுக்கருகில் தண்ணீரில் ஆள் இருந்தால் கியரை எடுத்தால் போதாது. யந்திரத்தையே நிறுத்திவிட வேண்டும்.

நம் கடற்கரையில் இந்தக் கியர் பெட்டி அவ்வளவு பழமையானதன்று. பல நூற்றாண்டுகளாகக் கட்டுமரமும் வள்ளமும் துடுப்பையும் பாயையும் நம்பியே ஓடின. 1952-இல் நார்வே தேசத்தின் உதவியுடன் கொல்லத்துக்கு அடுத்த நீண்டகரையில் மீன்பிடி படகுகளுக்கு யந்திரம் பொருத்தும் திட்டம் ஆரம்பமாயிற்று. அதையொட்டிய வருஷங்களில் தமிழ்நாட்டுக் கரைகளிலும் விசைப் படகுகள் பெருகின. இன்னும் நம் பைபர் படகுகள் பலவற்றில் கியரே கிடையாது. நீண்ட தண்டின் முனையில் விசிறி இருக்கும். படகை நிறுத்த வேண்டுமானால் தண்டோடு அதைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடுவார்கள். கியர் உள்ள விசைப் படகில் பெட்டி கருகிப் போனால், யந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் விசிறி சுழலாது. நடுக்கடலில் படகு நீரோட்டம் இழுத்த திசையில் போகும். ராமேசுவரத்துக்கு அப்பால் 1974, 1976-ஆம் வருஷங்களின் ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக் கோடு கரைக்கு வெகு சமீபத்தில் இருக்கிறது. யந்திரம் பழுதாகி எல்லை தாண்டியவர்கள் வீடு திரும்ப எத்தனை மாதம் ஆகும் என்பது அந்தக் குடும்பங்களுக்குத்தான் தெரியும். மீனவர் வீட்டில் கியர் எண்ணெயின் விலை வெறும் எண்ணெயின் விலை மட்டும் அன்று.

பழுதான படகை மற்றொரு படகு இழுத்து வரும்போதும் கவனம் தேவை. ஓடும் தண்ணீர் விசிறியைச் சுழற்றும். விசிறி கியர் பெட்டிக்குள் தண்டைச் சுழற்றும். ஆனால் யந்திரம் நின்றிருப்பதால் பல பெட்டிகளில் எண்ணெய்ப் பம்பு வேலை செய்யாது. எண்ணெயில்லாமல் வெகு தூரம் சுற்றினால் பெட்டி பாழாகும். தண்டை அசையாமல் கட்டிவிடலாமா, சுற்ற விடலாமா என்பது பெட்டிக்குப் பெட்டி வித்தியாசப்படும். செய்தவர்கள் கொடுத்த புத்தகத்தைப் பார்த்து அதன்படி நடப்பதே உத்தமம்.

பிரயாணிகளுக்கும் இரண்டு வார்த்தை. துறை நெருங்கியதும் எழுந்து நின்று முன்பக்கம் நெருக்கலாகாது. நெருக்கினால் ஓட்டுகிறவருக்குத் துறை மறையும். பின் கியர் விழும்போது நிற்கிறவர்கள் சாய்ந்து விழுவார்கள். கயிறு கட்டும் வரையில் துறைக்கும் படகுக்கும் நடுவே கை கால்களை நீட்டக் கூடாது. குழந்தைகளைப் பின்புறத்து விளிம்பில் உட்கார வைக்கக் கூடாது. ‘சீக்கிரம் கொண்டு போய்ச் சேர்க்கக் கூடாதா?’ என்று ஓட்டுகிறவரைத் துரிதப்படுத்தவும் கூடாது. நடுவில் அவர் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிகளை நாம் அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

அடுத்த முறை குடும்பத்தோடு படகில் ஏறும்போது, துறையில் கட்டிய கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் ஓட்டுகிறவர் கியரை ஒரு தடவை முன்னும் ஒரு தடவை பின்னும் போட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்த்தால் நிம்மதியாக உட்கார்ந்து கடற்காற்றை அனுபவியுங்கள். பார்க்காவிட்டால், “பின் கியர் சரியாக விழுகிறதா, ஐயா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல படகோட்டி அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.